அறிஞர் மேகநாத் சாகா

சேலம், நாமக்கல் சமவெளியில் கவலை பூட்டிக் கிணற்று நீரை இறைத்தவர் நம் முன்னோர். நிறைந்த சால் மேலேற எருதுகள் பட்ட பாட்டை அவர்கள் நாளும் கண்டனர். அப்பாரத்திற்குக் காரணமான ஈர்ப்பே நிலவைப் பூமியைச் சுற்றச் செய்கிறது என 1687-இல் நியூட்டன் நிறுவினார். தொலைவு இருமடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒரு பங்காகும் என்பது அவர் கண்ட விதி. அதன்பின் ஈர்ப்பைப் பற்றிய அறிவு வளர்ந்த வரலாற்றில், ஏழை வீட்டில் பிறந்த இந்தியர் ஒருவருக்கும் இடமுண்டு. அவரே மேகநாத் சாகா.

இன்றைய வங்காள தேசத்தில், டாக்காவை அடுத்த சியோரதாலி என்னும் சிற்றூரில் 1893 அக்டோபர் 6 அன்று அவர் பிறந்தார். தந்தை சிறு கடைக்காரர். மேற்படிப்புக்கான பள்ளி தொலைவில் இருந்தது. அவ்வூர் மருத்துவர் ஒருவர் தம் இல்லத்தில் இடமளித்தார். சிறுவர் சாகா அங்கே மாட்டைப் பேணியும், தாம் உண்ட கலத்தைத் தாமே கழுவியும் பயின்றார். 1905-இல் ஆளுநரின் வருகையைப் புறக்கணித்ததால் கல்வி உதவித்தொகையை இழந்தார்.

1911-இல் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். அவருடைய சமூகம் பட்டியல் வகுப்பைச் சேர்ந்ததன்று. எனினும் உயர்சாதியார் அதனைத் தாழ்வாகவே எண்ணினர். விடுதியில் உடனிருந்து உண்ணச் சில மாணவர் மறுத்தனர். கல்வித் தெய்வத்தின் பூசையிலேயே அவரை ஒதுக்கினர்.

இதற்கிடையே, பொருள்கள் தம்மைச் சூழ்ந்த வெளியையும் காலத்தையும் வளைக்கின்றன, அவ்வளைவே ஈர்ப்பு என்று 1915-இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். 1919 மே 29 அன்று நிகழ்ந்த ஞாயிற்று மறைப்பின்போது, விண்மீன் ஒளி ஞாயிற்றருகே வளைவதை அளந்து அறிஞர் இதனை உறுதி செய்தனர். ஜெர்மன் மொழி கற்றிருந்த சாகாவும், உடன் பயின்ற சத்தியேந்திரநாத் போசும் ஐன்ஸ்டைனின் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தனர். ஈர்ப்பு பற்றிய கட்டுரையைப் போசும், அதற்கு அடிப்படையான 1905-ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சாகாவும் பெயர்த்தனர். கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1920-இல் அந்நூலை வெளியிட்டது.

ஞாயிற்றின் பரப்பில் ஈர்ப்பு பூமியில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு. அவ்வாறிருக்க, அங்குச் சில அணுக்கள் மிக உயரத்தில் மிதப்பது எவ்வாறு? ஒளியும் பொருள்களைத் தள்ளும் என்று சாகா விடை கண்டார். ஓர் அணு தனக்குரிய நிறத்து ஒளியையே ஏற்பதால், சில அணுக்கள் பிறவற்றினும் மிகுதியாக மேலே தள்ளப்படுகின்றன. இதனை விரித்தெழுதி 1917-இல் அமெரிக்க வானியல் இதழ் ஒன்றுக்கு அனுப்பினார். அச்சுச் செலவில் ஒரு பங்கைத் தருமாறு அவர்கள் கேட்டனர். பெற்றோரையும் தம்பியையும் காத்த சிறு ஊதியத்தில் அது இயலவில்லை. முழுக் கட்டுரை அவ்விதழில் அச்சேறவில்லை. 1919-இல் சிறு குறிப்பே வெளிவந்தது.

அவர் தளரவில்லை. 1920-இல் விண்மீன்களின் வெப்பத்தை அவற்றின் ஒளியைக் கொண்டே அறிய உதவும் சமன்பாட்டை அளித்தார். 1927-இல் இலண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1952-இல் சுயேச்சையாக நின்று மக்களவைக்கு வென்றார். 1956 பிப்ரவரி 16 அன்று மறைந்தார்.

இளைஞர்களே, சாகாவைச் சாதி ஒருபுறம் தடுத்தது. வறுமை மறுபுறம் தடுத்தது. உண்ண ஓரிடமும் கற்க ஓர் உதவித்தொகையும் அவரை நிலைநிறுத்தின. வெள்ளிவிழாக் காணும் நம் சங்கத்தின் பணியும் அதுவே. பணமின்மையால் நம் பிள்ளை ஒருவரின் ஆய்வும் அச்சேறாது கிடத்தல் ஆகாது.