ஹால்டேனும் நிறத்தின் கணக்கும்

பனச்சமூடு எல்லை ஊர். சந்தையில் நின்றால் ஒரு காதில் தமிழ் கேட்கும். மறு காதில் மலையாளம் கேட்கும். திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைப்புத் தேடி வந்து அங்கே பாத்திரக்கடை வைத்தவர் என் தந்தை. சென்ற ஆவணியில் என் அக்காளைப் பெண் பார்க்க வந்தவர்கள் படிப்பைக் கேட்டார்கள், குணத்தைக் கேட்டார்கள், ஊர் திரும்பியபின் நிறம் மட்டு என்று சொல்லியனுப்பினார்கள். மரபியல் படிக்கும் என்னிடம் அக்காள் ஒன்றே ஒன்று கேட்டாள்: இந்த நிறம் எங்கிருந்து வருகிறது? விடை தேடியபோது நான் கண்டது ஒரு பெருமனிதரின் வாழ்க்கை.

அவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். 1892 நவம்பர் 5-இல் ஆக்ஸ்போர்டில் பிறந்தார். தந்தை, சுரங்கக் காற்றை ஆராய்ந்த உடலியல் அறிஞர். இளைஞர் ஹால்டேன் தங்கை நயோமியோடும் நண்பர் ஸ்பிரண்டோடும் சேர்ந்து எலிகளின் நிறத்தைக் கணக்கெடுத்தார். எலியை முழு வெள்ளையாக்கும் மரபணுவும், கண்ணைச் சிவப்பாக்கி மயிரை வெளிறச் செய்யும் மரபணுவும் ஒட்டியே தலைமுறை இறங்குவதை மூவரும் கண்டனர். 1915-இல் கட்டுரை வெளிவந்தது. அதே ஆண்டில் ஸ்பிரண்ட் போர்க்களத்தில் மாண்டார். ஹால்டேனும் அப்போரில் காயமுற்றார்.

அந்த இரண்டு மரபணுக்களும் நம்மிடமும் உள்ளன! ஒன்று, மெலனின் என்னும் நிறப்பொருளை ஆக்கும் டைரோசினேஸ் நொதிக்குரியது. மற்றொன்று ஓசிஏ2, கண்ணின் நிறத்திலும் தோலின் நிறத்திலும் அதற்குப் பங்குண்டு. இப்படிப் பல மரபணுக்கள் கூடியே நம் நிறத்தை அமைக்கின்றன. ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவர் மாநிறம், மற்றவர் கறுப்பு என்பதன் காரணம் இதுவே.

1924-இல் ஹால்டேன், ஆலைப்புகை படிந்த மான்செஸ்டரில் கறுப்பு அந்துப்பூச்சிகள் பெருகியதைக் கணக்கிட்டார். வெளிறியவற்றைவிடக் கறுப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பிழைத்திருக்க வேண்டும் என்று கண்டார். எந்த நிறமும் தானே உயர்ந்ததன்று. சூழலுக்கு ஏற்றதே நிலைக்கிறது. இனப்பெருமை ஐரோப்பாவைச் சூழ்ந்த 1938-இல், அறிவியலின் பெயரால் அதற்குச் சான்று தேடியவர்களை மறுத்து அவர் நூல் எழுதினார்.

1957-இல் அவர் பிரிட்டனை விட்டுக் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்தார். நம் உடை உடுத்தார்; புலால் நீத்தார்; 1961-இல் இந்தியக் குடிமகன் ஆனார். 1964 டிசம்பர் 1-இல் புவனேசுவரத்தில் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்குச் சென்றது.

அவருக்குப் பின்னும் அறிவு வளர்ந்தது. தோலை வெளிறச் செய்யும் எஸ்எல்சி24ஏ5 என்னும் மரபணுவின் ஓரெழுத்து மாற்றம் 2005-இல் தெரியவந்தது. இந்தியரிடமும் ஐரோப்பியரிடமும் காணும் அம்மாற்றம் ஒரே மூதாதை வழி வந்தது என்பதை, ஐதராபாத் அறிஞர்களும் பங்குகொண்ட ஆய்வு 2013-இல் காட்டிற்று. ஓரெழுத்துக்கா இத்தனை இறுமாப்பு?

இதையெல்லாம் அக்காளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, நாளை எனக்குப் பெண் தேடும்போது அம்மா சிவந்த பெண்ணாகக் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்றாள். நான் தலை குனிந்தேன். ஏனெனில் அம்மா முன்பே அப்படிச் சொல்லியிருக்கிறார். நானும் சிரித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

அன்றிரவே அம்மாவிடம் என் மறுப்பைச் சொல்லிவிட்டேன். நண்பர்களே, உங்கள் வீட்டில் நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள்?