கடல் கடந்து வந்த அன்னை

அன்னி பெசன்ட் அம்மையாரை அரசியல் தலைவியாகவே பலரும் அறிவர். நாம் இங்கு நினைவுகூர்வது தாயாகிய அம்மையாரை.

1847ஆம் ஆண்டு இலண்டனிற் பிறந்த அவர், இருபதாம் வயதிற் பாதிரியார் ஒருவரை மணந்து, ஆணொன்றும் பெண்ணொன்றும் பெற்றார். மனம் ஒப்பாத சமயக் கொள்கையை வாயளவில் ஏற்க மறுத்தமையால் 1873இல் கணவர் இல்லத்தைத் துறந்தார். மகன் தந்தையிடம் தங்கினான். குடும்பக் கட்டுப்பாடு பற்றிய நூலை வெளியிட்டதற்காக 1877இல் வழக்கு வந்தது. மறு ஆண்டு மகளையும் நீதிமன்றம் பிரித்தது. எனினும், பராயமடைந்ததும் இருவரும் தாயை நாடி வந்தனர்.

1889இற் பிரமஞான சங்கத்திற் சேர்ந்த அம்மையார், 1893இற் சிக்காகோ சர்வசமய மகாசபையிற் பேசினார். அவ்வாண்டு நவம்பரிலேயே நமது கொழும்பு வழியாகத் தூத்துக்குடியை அடைந்தார். 1898இற் காசியில் அவர் நிறுவிய மத்திய இந்துக் கல்லூரியே பின்னர் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கு வித்தாயிற்று. தம் பிள்ளைகளை வளர்க்கும் உரிமையை இழந்தவர், பிறர் பிள்ளைகளின் கல்விக்குத் தம்மை ஈந்தார்.

பேரப்பிள்ளை கண்ட பின்னரும் அவர் ஓய்ந்தாரல்லர். 1917இல் உதகமண்டலத்திற் காவலில் வைக்கப்பட்டு மீண்டவர், அவ்வாண்டே கல்கத்தாவிற் காங்கிரசு மகாசபைக்குத் தலைமை தாங்கிய முதற் பெண்மணியானார். 1933இல் அடையாற்றில் மறைந்தார்.

நம் சங்கத்து இளைஞர்காள்! இழப்பைத் தொண்டாக மாற்றிய இவ்வன்னையின் உறுதி நமக்கும் வாய்ப்பதாக.