செவிலியர் எடித் கேவல் அம்மையார்

சங்க அக இலக்கியங்களில் செவிலி என்னும் சொல் தலைவியை வளர்த்த தாயைக் குறித்தது. ஈன்றவள் நற்றாய், அருகிருந்து பேணி வளர்த்தவள் செவிலித்தாய். மருத்துவமனையில் நோயாளரைப் பேணுவோர்க்கு ஒரு பெயர் தேடியபோது, தமிழர் இப்பழஞ்சொல்லையே எடுத்து வழங்கினர். அது பொருத்தமான தேர்வே ஆகும். வள்ளுவப் பெருந்தகையும் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்தபோது, நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு நிறுத்தினாரல்லர்; உடனிருந்து பணிபுரிபவனையும் நான்காவதாக வைத்து எண்ணினார். அவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான் என்பதாம்.

செவிலியர் என்றதும் நம் பாடநூல்கள் ஃபுளோரன்சு நைட்டிங்கேல் அம்மையாரையே நினைவூட்டும். அவருக்கு அடுத்த தலைமுறையில் வாழ்ந்த எடித் கேவல் அம்மையாரின் பெயரை அறிந்தோர் நம்மிடையே சிலரே. அறிந்தோரும் 1915ஆம் ஆண்டில் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியை மட்டுமே அறிவர். அவ்விறப்புக்கு முன் இருபதாண்டுக் காலம் அவர் எவ்வெப் பணியிடங்களில் நின்று, எவ்வாறு செவிலியாக உருவானார் என்பதே என் நெஞ்சைக் கவர்ந்த பகுதி. முதல் வேலையில் அமர்ந்த சில திங்களில், மேலதிகாரி குறை கூறினார் என்றும் இடம் ஒத்துவரவில்லை என்றும் சோர்ந்து வந்து நிற்கும் பழைய மாணவ மாணவியரை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இக்கட்டுரையை எழுதத் தூண்டியவர்கள் அவர்களே.

இளமை

எடித் கேவல் 1865ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் நார்விச் நகருக்கு அருகிலுள்ள சுவார்ட்சுடன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் தேவாலயத்தின் குரு, வருவாய் குறைவு. எனினும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் சமைத்த உணவில் ஒரு பங்கு ஊரிலுள்ள ஏழையருக்குச் சென்றுவிடும். நான்கு மக்களுள் மூத்தவரான எடித், ஓவியத்தில் கைதேர்ந்தவர். ஊரில் சிறுவர்களுக்குப் பாடம் நடத்த ஓர் அறை இல்லாதிருந்தபோது, அட்டைகளில் ஓவியம் தீட்டி விற்று 300 பவுன் அளவில் நிதி திரட்ட உதவினார் என்பர்.

பள்ளியில் பிரெஞ்சு மொழியில் நல்ல தேர்ச்சி பெற்ற அவர், அக்காலத்து நடுத்தரக் குடும்பப் பெண்களுக்குத் திறந்திருந்த ஏறத்தாழ ஒரே வாயிலான வீட்டாசிரியைப் பணியை மேற்கொண்டார். 1890ஆம் ஆண்டு பெல்சியத் தலைநகர் பிரசல்சில் ஃபிரான்சுவா என்னும் வழக்கறிஞர் குடும்பத்தில் சேர்ந்து, ஐந்தாண்டுகள் அக்குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1895இல் தந்தையார் கடும் நோயுற்றார் என்ற செய்தி வரவே ஊர் திரும்பி, அவர் உடல்நலம் தேறும்வரை உடனிருந்து பேணினார். தந்தையின் கட்டிலருகே கழிந்த அந்நாட்களில்தான் செவிலியாவதென்று முடிவு செய்தார். அப்போது அவருக்கு வயது முப்பதை எட்டிக்கொண்டிருந்தது. புதிய தொழிலைத் தொடங்கும் வயதன்று என்று உறவினர் சொல்லத்தக்க வயது அது.

கிடைக்காத நற்சான்று

இலண்டனின் டூட்டிங் பகுதியிலிருந்த தொற்றுக்காய்ச்சல் மருத்துவமனை ஒன்றில் சில மாதங்கள் பணியாற்றித் தம்மைத் தாமே சோதித்துக்கொண்ட பின், 1896ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் இலண்டன் மருத்துவமனையில் பயிற்சிச் செவிலியாகச் சேர்ந்தார். வொய்ட்சேப்பல் என்னும் ஏழ்மை மிகுந்த பகுதியில் அமைந்த பெரிய மருத்துவமனை அது. அங்கு மேட்ரனாக இருந்தவர் ஈவா லூக்சு அம்மையார், நைட்டிங்கேலின் நண்பர், ஒழுங்கில் இம்மியும் விட்டுக்கொடாதவர். காலை 7 மணிக்குத் தொடங்கும் வேலை இரவு 9 மணிக்கு முடியும். இடையே உணவுக்கு அரைமணி நேரம். ஆண்டு ஊதியம் 10 பவுன்.

பிறர் வீட்டில் ஆசிரியை என்னும் மதிப்போடு இருந்த ஒருவர், தம்மினும் இளைய பெண்களோடு சேர்ந்து ஏவல் கேட்கும் நிலைக்கு வந்தால் எவ்வாறிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பயிற்சியின் முடிவில் மேட்ரன் தம் பதிவேட்டில் எழுதி வைத்த மதிப்பீடு இன்றும் கிடைக்கின்றது. திறமை இருக்கிறது, ஆனால் தாமாக விரும்பினாலன்றி அதனைச் செலவிடுவதில்லை, காலந்தவறாமை அறவே இல்லை, முழுவதும் நம்பத்தக்க செவிலி என்று கூற இயலாது என்பது அதன் சாரம். மேட்ரன் தவறாக எழுதினார் என்று சாதிக்க நான் முற்படவில்லை. அன்றைய எடித் அவ்வாறே இருந்திருக்கலாம். அம்மதிப்பீட்டுக்குப் பிறகும் அவர் தொழிலை விட்டு விலகவில்லை என்பதும், அதனை எழுதிய அதே மேட்ரனோடு பின்னாளில் மடல்வழித் தொடர்பு கொண்டிருந்தார் என்பதுமே நோக்கத்தக்கன.

பயிற்சிக் காலத்திலேயே அவருக்கு வேறோர் உலகைக் காட்டிய நிகழ்ச்சி ஒன்றும் நேர்ந்தது. 1897ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் கெண்ட் மாவட்டத்து மெய்ட்சுடன் நகரில் டைபாய்டு காய்ச்சல் பரவியது. குடிநீர் ஊற்றுகளில் கழிவு கலந்ததே காரணம். 1,700க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 132 பேர் மாண்டனர். இலண்டன் மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்ட செவிலியருள் எடித்தும் ஒருவர். டைபாய்டுக்கு நேரான மருந்து இல்லாத காலம் அது. நோயாளியின் உடலைத் துடைத்து வெப்பம் தணித்தல், நீர்த்த உணவை அளவறிந்து ஊட்டல், கழிவை அகற்றித் தூய்மை காத்தல் என்னும் இவையே மருத்துவம். அதாவது செவிலியே மருந்து. அந்நகரின் நீர்க்குழாய்களை பிளீச்சிங் பவுடர் கரைசலால் தூய்மை செய்தனர் என்பதும் பொதுநல வரலாற்றில் இடம்பெற்ற செய்தி. நம் ஊர்க் கிணறுகளில் இன்றும் அதே தூளைத்தான் இடுகிறோம். அங்குப் பணியாற்றிய செவிலியருக்கு நகரத்தார் பதக்கம் அளித்தனர். எடித்தும் ஒன்று பெற்றார்.

மாறிய பணியிடங்கள்

பயிற்சி முடிந்தபின் மருத்துவமனை அவரைச் செல்வர் இல்லங்களுக்குத் தனிச் செவிலியாக அனுப்பியது. பெரிய வார்டின் ஓட்டத்துக்குப் பழகியவர், ஒரே நோயாளியின் கட்டிலருகே இரவும் பகலும் அமர்ந்திருக்க வேண்டியவரானார். அதற்கு நேர்மாறான இடம் 1901இல் வாய்த்தது. இலண்டனின் செயின்ட் பாங்க்ரசு பகுதியில், ஏழையர் சட்டத்தின்கீழ் நடைபெற்ற மருத்துவ விடுதியில் இரவுக் கண்காணிப்பாளர் பதவி. போக்கிடமற்றோர், முதியோர், தீராநோயாளர் ஆகியோரே அங்கு மிகுதி. குணமடைந்து வீடு திரும்புவோரைக் கண்டு மகிழும் வாய்ப்பு அங்குக் குறைவு. இரவுப் பொழுதில் ஒவ்வொரு வார்டாகச் சுற்றி வந்து, இறப்போரின் அருகில் நிற்பதே பெரும்பாலும் அவர் பணி.

1903இல் ஷோர்டிச் மருத்துவ விடுதியில் துணை மேட்ரனானார். அங்கு அவர் தொடங்கிய ஒரு வழக்கத்தைத் தனித்துக் குறிப்பிட வேண்டும். நலம்பெற்று வீடு திரும்பியவர்களை அவர்தம் இல்லங்களுக்கே சென்று பார்த்துவரலானார். கட்டிலில் கிடந்தபோது கற்பித்த தூய்மை, வறுமை மிகுந்த ஒற்றையறைக் குடியிருப்பில் நிலைக்கிறதா என்பதை நேரில் அறிய விரும்பினார். வார்டின் வாயிலோடு செவிலியின் கடமை முடிந்தது என்று அவர் கருதவில்லை. காலந்தவறுபவர், நம்பத்தகாதவர் என்று எழுதப்பட்டவரிடம் இம்மாற்றம் எந்நாளில் நிகழ்ந்தது என்று தேதியிட்டுக் கூறவியலாது. செயின்ட் பாங்க்ரசின் இரவுகளே அதனைச் செய்தன என்பது என் கருத்து.

1906இல் மான்செசுடர் நகருக்குச் சென்று, ஏழை நோயாளரை அவர்தம் வீடுகளிலேயே பேணும் செவிலியர் அமைப்பில் தற்காலிகமாகச் சேர்ந்தார். அங்கிருந்த மேட்ரன் நோயுறவே அப்பொறுப்பும் இவர் தோள்மேல் ஏறியது.

பிரசல்சில் ஒரு பள்ளி

பெல்சியத்தில் அக்காலத்தில் நோயாளரைப் பேணும் பணியைப் பெரும்பாலும் கன்னியர் மடத்துத் துறவியரே செய்துவந்தனர். அவர்களின் தொண்டுள்ளம் ஐயத்திற்கு இடமற்றது. ஆயினும் வளர்ந்துவரும் அறுவை மருத்துவத்துக்கு முறைப்படி பயின்ற செவிலியர் தேவை என்பது அறுவை மருத்துவர் அந்துவான் தெபாசின் எண்ணம். அவர் தொடங்க விரும்பிய செவிலியர் பள்ளிக்குத் தலைமையேற்க, ஆங்கிலப் பயிற்சியும் பிரெஞ்சு மொழியறிவும் உடைய ஒருவர் வேண்டியிருந்தது. ஃபிரான்சுவா குடும்பத்தின் வழியாக எடித்தின் பெயர் அவர் செவிக்கு எட்டியது. பயனின்றிக் கழிந்தன என்று தோன்றத்தக்க வீட்டாசிரியை ஆண்டுகளே அவருக்குக் கதவைத் திறந்தன.

1907ஆம் ஆண்டு அக்டோபரில், அடுத்தடுத்து அமைந்த நான்கு வீடுகளை இணைத்து, விரல்விட்டு எண்ணத்தக்க மாணவியருடன் பள்ளி தொடங்கியது. நல்ல குடும்பத்துப் பெண் கூலிக்கு வேலை செய்வது இழிவு என்னும் எண்ணம் அந்நாட்டு நடுத்தர வகுப்பாரிடம் ஆழமாக இருந்தது. நம் சமுதாயப் பெரியவர்களுக்கு இவ்வெண்ணத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பெல்சிய அரசி எலிசபெத்து கை முறிந்தபோது இப்பள்ளியிலிருந்து ஒரு செவிலியை வரவழைத்தார். அதன்பின் வாய்கள் அடங்கின. 1912க்குள் மூன்று மருத்துவமனைகள், 24 பள்ளிகள், 13 மழலையர் பள்ளிகள் ஆகியவற்றுக்கு இப்பள்ளி செவிலியரை வழங்கியது.

காலைச் சிற்றுண்டி மேசையில் எடித் தம் கைக்கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு அமர்வார். இரண்டு நிமிடத்திற்கு மேல் தாமதித்து வரும் மாணவி, தன் ஓய்வு நேரத்தில் இரண்டு மணி நேரத்தை இழப்பாள். மாணவியர் இதனைக் கொடுமை என்று முணுமுணுத்திருக்கக்கூடும். இலண்டன் மருத்துவமனையின் பதிவேட்டில் தங்கள் தலைவியைப் பற்றி என்ன எழுதப்பட்டிருந்தது என்பதை அவர்கள் அறிந்திருந்தால் சிரித்திருப்பர்.

போரும் முடிவும்

1914ஆம் ஆண்டுக் கோடையில் போர் மூண்ட செய்தி வந்தபோது எடித் நார்விச்சில் தம் கைம்பெண் தாயாரோடு விடுமுறையில் இருந்தார். தங்கிவிடலாம்; எவரும் குறை சொல்லியிரார். அவரோ ஆகத்து 3ஆம் நாளுக்குள் பிரசல்சு திரும்பினார். அம்மாதம் 20ஆம் நாள் செருமானியப் படை நகருள் புகுந்தது. பள்ளி செஞ்சிலுவை மருத்துவமனையாயிற்று. காயமுற்று வருபவர் எந்நாட்டவராயினும் ஒன்றுபோல் பேணுவதே கடமை என்று மாணவியருக்கு வலியுறுத்தினார். செருமானிய வீரரும் அங்குச் சிகிச்சை பெற்றனர்.

அவ்வாண்டு நவம்பரில், தம் படையிலிருந்து பிரிந்து சிக்கிக்கொண்ட ஆங்கிலேயப் படைவீரர் இருவர் அவரிடம் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்கு மறைவிடம் தந்து எல்லை கடத்தியதிலிருந்து ஒரு தொடர் வளர்ந்தது. குரோய் குடும்பத்து இளவரசர், இளவரசி, கட்டடக்கலைஞர் ஃபிலிப் பாக் முதலியோர் அடங்கிய மறைகுழு ஒன்று, ஏறத்தாழ 200 பேரை எடித்தின் பள்ளி வழியாக நடுநிலை நாடான ஆலந்துக்கு அனுப்பியது. குழுவைச் சேர்ந்தோர் சிலர் உளவுச் செய்திகளும் அனுப்பினர் என்று அண்மைக்கால ஆய்வுகள் கூறுகின்றன. செருமானியப் படைச்சட்டப்படி அவர் செய்தது குற்றமே. அதனை மறைத்துரைப்பது வரலாற்றுக்கு அழகன்று. தம்மை நாடி வந்தவரைக் கைவிட்டால் அவர்கள் சுடப்படலாம் என்பதொன்றே அவர் கண்முன் நின்றது.

1915 ஆகத்து 5ஆம் நாள் கைதாகி, செயின்ட் சீல் சிறையில் பத்து வாரங்கள் இருந்தார். அக்டோபர் 7, 8 ஆகிய நாட்களில் நடந்த படை விசாரணையில் அவர் செவிலியர் சீருடை அணிந்து வரவில்லை. பள்ளிக்குப் பழி வந்துவிடக்கூடாது என்பதே காரணம் எனக் கருதுவோர் உளர். கேட்ட கேள்விகளுக்கு ஒளிக்காமல் விடையளித்தார். ஐவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. அமெரிக்க, ஸ்பானியத் தூதர்கள் மன்றாடியும் பயனில்லை. அக்டோபர் 12ஆம் நாள் விடியலில் எடித்தும் ஃபிலிப் பாக்கும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஏனைய மூவரும் உயிர்தப்பினர். அவருக்கு அப்போது வயது 49. செருமானியரையும் பேணிய அவர் பெயரையும் படத்தையும் பிரித்தானிய அரசு படைக்கு ஆள்திரட்டும் சுவரொட்டிகளில் பயன்படுத்தியது. தம் இறுதி இரவில் எவர்மீதும் பகையோ கசப்போ கூடாது என்னும் கருத்தைத் தம்மைக் காணவந்த குருவிடம் சொல்லிச் சென்றவர் அவர்.

சிறையிலிருந்து தம் செவிலியருக்கு இறுதியாக ஒரு மடல் எழுதினார். அதில், தாம் சில வேளைகளில் அளவுக்கு மீறிக் கண்டிப்பாக நடந்திருக்கலாம் என ஒப்புக்கொண்டு, மனக்குறை உடையோர் பொறுத்தருள வேண்டினார். அவர்கள் எண்ணியதைவிட மிகுதியாக அவர்களை நேசித்ததையும் தெரிவித்தார்.

போர் முடிந்தபின் 1919 மே 15ஆம் நாள் இலண்டன் வெசுட்மின்சுடர் பேராலயத்தில் அரசு மரியாதையுடன் வழிபாடு நடைபெற்றது. அங்கேயே அடக்கம் செய்யக் குடும்பத்தார் விரும்பவில்லை. உடல் தொடர்வண்டியில் நார்விச் கொண்டுசெல்லப்பட்டு, அந்நகரப் பேராலயத்தின் புறத்தே புல்வெளியில் புதைக்கப்பட்டது.