எண்களின் நண்பர் காப்ரேகர்: 6174-இன் புதிரைக் கண்டறிந்த பள்ளி ஆசிரியர்

ஆராய்ச்சிப் பட்டமோ பல்கலைக்கழகப் பதவியோ இல்லாமல், மகாராஷ்டிரத்தின் ஒரு சிற்றூரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியபடியே உலகக் கணித வரலாற்றில் இடம்பிடித்தவர் தத்தாத்ரேய ராம்சந்திர காப்ரேகர்.

மகாராஷ்டிரத்தின் தஹானுவில் 1905-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் தேதி பிறந்த அவர், எட்டு வயதில் தாயை இழந்தார். எழுத்தராகப் பணிபுரிந்த தந்தைக்கு ஜோதிடத்தில் ஈடுபாடு அதிகம். அதற்கான கணக்குகளே மகனை எண்களின்பால் ஈர்த்தன. தாணேயில் பள்ளிக் கல்வியையும், புணே பெர்குசன் கல்லூரியில் பட்டப்படிப்பையும் முடித்த காப்ரேகர், 1930 முதல் 1962 வரை நாசிக் அருகேயுள்ள தேவ்லாலியில் ஆசிரியராக இருந்தார்.

சில முழு எண்களின் வர்க்கத்தை இரண்டாகப் பிரித்துக் கூட்டினால் அதே எண் திரும்பக் கிடைப்பதை அவர் ஆராய்ந்தார். 45-இன் வர்க்கம் 2025; 20-ஐயும் 25-ஐயும் கூட்டினால் 45. ஆறு இலக்க எண்ணான 142857-க்கும் இப்பண்பு உண்டு. அதன் வர்க்கம் 20408122449. இதை 20408, 122449 எனப் பிரித்துக் கூட்டினால் மீண்டும் 142857 கிடைக்கிறது. இத்தகையவை இன்று காப்ரேகர் எண்கள் என அழைக்கப்படுகின்றன.

அவருக்குப் பெரும்புகழ் தந்தது 6174. எல்லா இலக்கங்களும் ஒன்றாக இல்லாத ஒரு நான்கிலக்க எண்ணை எடுத்து, அதன் இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். விடையிலும் இதையே தொடர்ந்தால், அதிகபட்சம் ஏழு படிகளில் 6174 வந்துவிடும். அவர் பிறந்த ஆண்டான 1905-இல் தொடங்கினால் 9351, 8172, 7443, 3996, 6264, 4176 எனச் சென்று, ஏழாவது படியில் 6174-இல் முடிகிறது. இக்கண்டுபிடிப்பை 1949-இல் சென்னையில் நடைபெற்ற கணித மாநாட்டில் அவர் முன்வைத்தார்.

எனினும், இவை வெறும் எண் விளையாட்டுகள் என்றே இந்தியக் கணித அறிஞர்கள் பலர் ஒதுக்கினர். காப்ரேகர் சோர்ந்துவிடவில்லை, தம் முடிவுகளைச் சிறு நூல்களாகத் தாமே அச்சிட்டார். பணி ஓய்வுக்குப் பிறகு ஓய்வூதியம் போதாமல், மாணவர்களுக்குத் தனிவகுப்பு எடுத்து வாழ்க்கை நடத்தினார்.

அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 1975-இல் 'சயன்டிபிக் அமெரிக்கன்' இதழில் அவரைப் பற்றி எழுதிய பின்னரே உலகம் அவரை அறிந்தது. அப்போது அவருக்கு வயது 70.

காப்ரேகர் 1986-இல் தேவ்லாலியில் காலமானார். கழித்தல் மட்டுமே தெரிந்த சிறுவனும் தாளில் சரிபார்க்கக்கூடிய 6174, இன்று 'காப்ரேகர் மாறிலி' என அவர் பெயராலேயே வழங்குகிறது.