ஹம்ஃப்ரி டேவியும் எரிமலையும்

இங்கிலாந்தின் பென்சான்ஸ் நகரில், மரச்சிற்பி ஒருவரின் மகனாக 1778-ல் பிறந்தவர் ஹம்ஃப்ரி டேவி. 1807 அக்டோபரில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், உருகிய பொட்டாஷில் மின்சாரம் பாய்ச்சிப் பொட்டாசியத்தைப் பிரித்தெடுத்தார். நீர் பட்டாலே தீப்பற்றும் உலோகம் அது. பூமியின் ஆழத்திலும் இத்தகைய உலோகங்களை நீர் தொடுவதால் எரிமலைகள் பொங்கலாம் என்று ஊகித்தார். அதைச் சோதிக்க வெசூவியஸ் மலைக்குப் பலமுறை போனார். 1828-ல், பூமியின் உட்பகுதியே உருகிக் கிடக்கிறது என்பதுதான் இன்னும் எளிய விளக்கம் என்று எழுதி, தம் ஊகத்தைத் தாமே பின்னுக்குத் தள்ளினார். மறு ஆண்டு ஜெனீவாவில் காலமானார்.

பொட்டாசியம் பூமியைச் சூடாக்குவது உண்மையே, வழிதான் வேறு. பொட்டாசியம் அணுக்களில் ஏறத்தாழ பத்தாயிரத்துக்கு ஒன்று பொட்டாசியம்-40 என்னும் கதிரியக்க ஐசோடோப்பு. பாறைகளுக்குள் அது மெல்லச் சிதைந்து தரும் வெப்பமும் பூமியின் உட்சூட்டில் ஒரு பங்கு. டேவி காலத்தில் ஐசோடோப்பு என்ற சொல்லே பிறந்திருக்கவில்லை.