சாரா ஹேல் அம்மையார்

நாட்டு வரலாறு எழுதப் புகுவோர் முடிமன்னரையும் போர்க்களங்களையும் பற்றி ஏடு ஏடாக எழுதுவர். அடுக்களையைப் பற்றி ஒரு வரியேனும் எழுதுதல் அரிது. ஆயினும் அடுக்களை வாயிலாகவே ஒரு பெருநாட்டிற்குத் திருநாளொன்றை ஈட்டித்தந்த பெண்மணி ஒருவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழ்ந்திருந்தார். சாரா ஜோசபா ஹேல் என்பது அவர் பெயர். அந்நாட்டில் இலையுதிர்காலத்து இறுதியில், நவம்பர்த் திங்கள் நான்காம் வியாழக்கிழமையன்று, விளைவு வீடு வந்து சேர்ந்த மகிழ்ச்சியால் இறைவனுக்கு நன்றி கூறி, சிதறிக்கிடக்கும் சுற்றத்தார் அனைவரும் ஓரிடத்தே கூடியிருந்து உண்பர். தாங்க்ஸ்கிவிங் என்று அதனை வழங்குவர். நன்றி கூறும் திருநாள் என்று நாம் சொல்லலாம். அது நாடு முழுதும் ஒரே நாளில் நடைபெறுதற்கு இவ்வம்மையாரின் எழுதுகோல் பெருங்காரணமாயிற்று. ஐந்து மக்களோடு கைம்பெண்ணாய் நின்ற ஒருவர் இதனை எங்ஙனம் செய்து முடித்தார் என்பதை நம் சங்கத்துக் குடும்பத்தார் அறிதல் நன்றென எண்ணி இதனை எழுதலானேன்.

அம்மையார் 1788-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் நியூ ஹாம்ப்ஷயர் ராஜ்யத்தில் நியூபோர்ட் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் கார்டன் பியூல், அமெரிக்க விடுதலைப் போரிலே பணிபுரிந்தவர், உழவுத்தொழிலினர். அக்காலத்தே பெண்மக்களைச் சேர்த்துக்கொள்ளுங் கல்லூரி அந்நாட்டில் ஒன்றேனும் இருந்ததில்லை. தாயார் மார்த்தா வீட்டிலேயே மக்களுக்கு எழுத்தறிவித்தார். தமையனார் ஹொரேஷியோ டார்ட்மத் கல்லூரியில் பயின்றவர். விடுமுறைக்கு வருந்தோறும் தாம் கற்ற இலத்தீன் மொழியையும் தத்துவத்தையும் தங்கைக்குக் கற்பித்தார். இவ்வாறு அண்ணனின் கல்வியிற் பங்குபெற்ற அம்மையார், பதினெட்டாம் வயது முதல் சில ஆண்டுகள் ஊர்ப்பள்ளியில் ஆசிரியப் பணி புரிந்தார். ஆசிரியராகிய எமக்கு இச்செய்தி ஒரு தனி மகிழ்ச்சி தருவதாம்.

1813-இல் டேவிட் ஹேல் என்னும் வழக்கறிஞரை மணந்தார். அவ்வில்லறம் மிக இனியது. இரவுதோறும் எட்டுமணி முதல் பத்துமணிவரை கணவனும் மனைவியும் ஒருங்கிருந்து நூல் பயில்வர். 1818-இல் அம்மையாரைக் காசநோய் பற்றியது. கணவர் அவரை வண்டியிலேற்றி மலைநாட்டு வழியே பல நாள் கொண்டுசென்றார். அஃது இலையுதிர்காலம், திராட்சை பழுக்கும் பருவம். அம்மையார் அப்பழத்தையே மிகுதியாக உண்டு வந்தார், நோயும் நீங்கிற்று. திராட்சையே தம் உயிரைக் காத்ததென அவர் நெடுங்காலம் நம்பியிருந்தார். மலைக்காற்றும் கணவரின் பரிவும் அதிற் பங்குடையனவாகலாம் என்பது எம் கருத்து.

அங்ஙனம் மனைவியைக் காத்த கணவர் தாம் நெடுநாள் வாழ்ந்தாரல்லர். 1822 செப்டம்பரில் நுரையீரற் சுரத்தால் மாண்டார். அப்போது நான்கு குழந்தைகள், ஐந்தாவது கருவிலிருந்தது, சின்னாட்களிற் பிறந்தது. அம்மையாருக்கு 34 வயது நிரம்பவில்லை. கணவர் சேர்த்துவைத்த பொருள் இல்லை. அன்று உடுத்த கரிய ஆடையை அம்மையார் தம் வாழ்நாளின் இறுதிவரை களையவில்லை. நம் நாட்டிற் கைம்மை பூண்டார் வெள்ளாடை உடுத்ததுபோல அவர்க்குக் கறுப்பாடை என்க. ஆனால் அவர் ஆடையை மாற்றினாரேயன்றி, வீட்டின் மூலையிலே ஒடுங்கினாரல்லர்.

கணவர் சார்ந்திருந்த ஃபிரீமேசன் சங்கத்தார் அக்குடும்பத்திற்குத் தோள்கொடுத்தனர். அவர்கள் துணையால் நாத்தனாருடன் சேர்ந்து பெண்களுக்குரிய தொப்பி தைத்து விற்கும் கடையொன்று தொடங்கினார். அத்தொழிலில் அவருக்கு மனம் பொருந்தவில்லை. 1823-இல் அவர் பாடல்கள் நூலாக வெளிவந்ததும் அச்சங்கத்தாரின் உதவியினாலேயே. சங்கம் என்பதொன்று உறுப்பினரின் மறைவுக்குப்பின் அவர் மனைவி மக்களை எங்ஙனம் ஓம்புதல் வேண்டும் என்னும் வினா நம் கூட்டங்களிலும் அடிக்கடி எழுகின்றதாதலின் இதனை ஈண்டுக் குறித்தேன்.

1827-இல் நார்த்வுட் என்னும் நாவலை வெளியிட்டார். அடிமை வழக்கத்தைப் பொருளாகக் கொண்டு எழுந்த அமெரிக்க நாவல்களுள் மிக முற்பட்டது அது. நாம் கருதும் பொருள் அந்நூலின் ஓர் அதிகாரத்திலே உள்ளது. நன்றி கூறும் திருநாளன்று ஒரு கிராமத்துக் குடியானவர் இல்லத்து விருந்தை அம்மையார் அங்கே பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றார். மேசைகள் பலவற்றை ஒன்றாகச் சேர்த்து வெள்ளைத் துணி விரித்திருக்கின்றனர். அன்று குழந்தைகளும் பெரியோருடன் சமமாக இருந்து உண்பர். தலைமாட்டில் பொன்னிறமாக வாட்டிய வான்கோழி வீற்றிருக்கும். அதன் வயிற்றிற் கூட்டுப்பொருள் நிறைத்திருப்பர். மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் வாத்தும் அதனைச் சூழ்ந்திருக்கும். ஊறுகாயும் பாகிலிட்ட பழங்களும் உண்டு. முட்டையும் பாலுங் கலந்து உறையவைத்த இனிப்பு வகைகளும், உலர்ந்த திராட்சையிட்ட களியும், ஆப்பிள் பழச்சாறும், இஞ்சிப் பானமும் உண்டு. புலால் மறுத்த நம் அன்பர்கள் இப்பட்டியலைக் கண்டு முகஞ்சுளிக்கவேண்டா. அவர்க்கும் உரியதொரு பண்டம் அம்மேசையிலே சிறப்பிடம் பெற்றிருந்தது. அதுவே பரங்கிக்காய்ப் பை.

பை என்றவுடன் துணிப்பையை நினைத்தல் கூடாது. கோதுமை மாவை வெண்ணெயிட்டுப் பிசைந்து, மெல்லிதாகத் தேய்த்து, குழிந்த தட்டிலே பரப்பி, உள்ளே இனிப்பையோ இறைச்சியையோ நிரப்பி, மூடிய அடுப்பில் வேகவைக்கும் பண்ணியத்துக்கு ஆங்கிலத்தில் அப்பெயர். பரங்கிக்காயின் தோலும் விதையும் நீக்கித் துண்டாக்கி, குழைய வேகவைத்து, சல்லடையில் தேய்த்து வடித்து, அவ்விழுதோடு பால், முட்டை, சர்க்கரை அல்லது வெல்லப்பாகு, சுக்குப்பொடி, இலவங்கப்பட்டைப்பொடி ஆகியவற்றைக் கலந்து அம்மாவுத்தட்டிலே ஊற்றிச் சுடுவர். நம் அடுக்களையில் பரங்கிக்காயும் வெல்லமும் கூடிய பண்டங்களை உண்டவர்க்கு இதன் சுவையை ஊகித்தல் எளிது. பரங்கிக்காய் என்னும் பெயரே அது பரங்கியர் வழியாக நம் நாடு புகுந்த காய் என்பதைக் காட்டுகின்றது. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். வான்கோழியும் அக்கண்டத்துக்கே உரியது.

நார்த்வுட் அம்மையாருக்குப் புகழைத் தந்தது. பாஸ்டன் நகரிலே புதிதாகத் தொடங்கப்பெற்ற மாதர் பத்திரிகைக்கு ஆசிரியராக வருமாறு 1828-இல் அழைப்பு வந்தது. மக்களைப் பிரிதல் வேண்டுமே! நால்வரை உறவினர் இல்லங்களில் விட்டு, கடைக்குட்டியை மட்டும் உடன்கொண்டு பாஸ்டன் சென்றார். அப்பிரிவு அவர் நெஞ்சை எவ்வளவு அறுத்திருக்கும் என்பதைத் தாய்மார்கள் அறிவர். அவர் ஈட்டிய பொருளெல்லாம் அம்மக்களின் கல்விக்கே சென்றது. 1830-இல் அவர் குழந்தைகட்காக வெளியிட்ட பாடல் தொகுதியிலே, மேரி என்னும் சிறுமியையும் அவளைப் பின்தொடர்ந்து பள்ளிக்குச் சென்ற ஆட்டுக்குட்டியையும் பற்றிய பாட்டு உள்ளது. நம் ஊர்க் குழந்தைகளும் ஆங்கிலங் கற்கத் தொடங்கும்போது பாடுகின்ற அப்பாட்டை இயற்றியவர் இவரே என்பதை எம் மாணவர்க்குக் கூறினால் வியப்படைகின்றனர்.

1837-இல் லூயிஸ் கோடே என்பார் அப்பத்திரிகையை விலைக்கு வாங்கித் தம் மாதர் பத்திரிகையுடன் இணைத்தார். அம்மையாரே ஆசிரியர், பின்னர் 1841-இல் பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தார். கையால் வண்ணந்தீட்டிய ஆடைப் படங்களும், கதைகளும், சமையற் குறிப்புக்களும் நிறைந்த அப்பத்திரிகை 1860-ஆம் ஆண்டளவில் 1,50,000 பிரதிகள் விற்றது. சமையல் நூல்களும் அம்மையார் எழுதினார். 1839-இல் வெளிவந்த நல்ல இல்லத்தலைவி என்னும் நூலும், 1857-இல் வெளிவந்த புதிய சமையல் நூலும் அவற்றுட் குறிப்பிடத்தக்கன. முன்னதில் அவர் செய்திருக்கும் ஓர் எச்சரிக்கை சுவையுடையது. கொத்திறைச்சியும் கொழுப்பும் உலர்பழமும் கலந்து செய்யும் பை செரித்தற்கரியது, செலவும் மிக்கது. ஆயினும் திருநாட்களில் அதனை விடுவார் ஒருவருமிலர். ஆதலின் அந்நாட்களில் உண்ணுக, ஏனைய நாட்களில் நல்லுறக்கம் வேண்டுவோர் அதனைச் சுருக்கிக்கொள்க என்னுங் கருத்துப்பட எழுதியிருக்கின்றார். பலகாரத்தைப் போற்றியவரே அதற்கு எல்லையும் வகுத்தார்.

இனித் திருநாளின் வரலாற்றுக்கு வருவோம். 1621-இல் பிளிமத்திற் குடியேறிய ஆங்கிலேயர் முதல் அறுவடைக்குப் பின் அவ்விடத்துப் பழங்குடியினராகிய வாம்பனோக் மக்களோடு மூன்று நாள் விருந்துண்டனர் என்ப. (பின்னாளில் அப்பழங்குடியினர் நிலமிழந்து நலிந்தனர், அவர் வழியினருள் பலர் 1970 முதல் இத்திருநாளைத் துக்கநாளாகப் பிளிமத்திலே கடைப்பிடிக்கின்றனர். இதனையும் நாம் மறத்தலாகாது.) 1789-இல் ஜனாதிபதி வாஷிங்டன் நாடு முழுதுக்குமாக ஒரு நன்றி நாளை அறிவித்தார். பின்னர் அவ்வழக்கம் ஒழிந்தது. நியூ இங்கிலாந்துப் பகுதியிலே அது குடும்பத் திருநாளாய் வேரூன்றியிருந்தது. ஒவ்வொரு ராஜ்யத்துக் கவர்னரும் தத்தமக்குத் தோன்றிய நாளைக் குறிப்பார். தென்னாட்டார் பலர் அதனை அறியார்.

நாடு முழுதும் ஒரே நாளில் ஓரடுப்பென மூளல் வேண்டும் என்று அம்மையார் விரும்பினார். 1846 முதல் ஆண்டுதோறும் பத்திரிகையில் எழுதினார். கவர்னர்களுக்கும் அடுத்தடுத்து வந்த ஜனாதிபதிகளுக்கும் கடிதங்கள் விடுத்தார். டெய்லர், ஃபில்மோர், பியர்ஸ், புக்கானன் என்னும் நால்வர் ஆட்சியிலும் கருத்து நிறைவேறவில்லை. கவர்னர்களுட் பலர் இசைந்தனர். வர்ஜீனியாக் கவர்னர் வைஸ் 1856-இல் வெறுப்போடு மறுத்தார். அடிமை வழக்கத்தைக் கண்டிக்கும் வடநாட்டுப் பாதிரிமார்களின் சூழ்ச்சி இது என்பது தென்னாட்டார் சிலரின் ஐயம்.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. அரசியல் பேசுதல் கூடாதென்பது கோடேயின் கட்டளை. நாடு இரண்டாகப் பிளக்குங் காலத்தும் அப்பத்திரிகை அதுபற்றி வாய்திறக்கவில்லை. அந்நிலையில் அம்மையாருக்கு எஞ்சியிருந்த வழி அடுக்களை ஒன்றே. வடக்கிலும் தெற்கிலும் உள்ள தாய்மார்கள் ஒரே நாளில் ஒரே வகைப் பண்டங்களைச் சமைத்துத் தம் மக்களுக்கு இட்டால், அம்மக்கள் ஒருவரையொருவர் கொல்லத் துணியார் என்று அவர் எண்ணினார் போலும். அவ்வெண்ணம் பலிக்கவில்லை, 1861-இல் போர் மூண்டது. நாடு பிரிந்த பின்னும் அவர் தம் வேண்டுகோளைக் கைவிட்டாரல்லர். 1863 செப்டம்பர் 28-இல், 75 வயதை எட்டும் நிலையில், ஜனாதிபதி லிங்கனுக்குக் கடிதம் எழுதினார். ஐந்தாம் நாள், அக்டோபர் 3-இல், நவம்பர்க் கடைசி வியாழனை நன்றி கூறும் நாளாக அறிவிக்கும் ஆணை வெளிவந்தது. அதனை எழுதியவர் வெளிநாட்டமைச்சர் சீவர்ட். வாஷிங்டனின் ஆணையும் அதே தேதியிட்டது என்பது ஒரு வியப்பு. கெட்டிஸ்பர்க் போர்க்களத்துப் புதைகுழிகளின் ஈரம் உலராத ஆண்டு அது. அவ்வாண்டு நவம்பர் 26-இல் மேசைகள்தோறும் எத்தனை இருக்கைகள் வெறுமையாய் இருந்தனவோ!

அம்மையாரின் பிற தொண்டுகள் பல. பங்கர் ஹில் நினைவுத்தூண் பொருளின்றி முடிவுறாது நின்றபோது, 1840-இல் பெண்களைத் திரட்டி, அவர்கள் கையால் தைத்தனவும் சமைத்தனவுமாகிய பொருள்களை ஏழுநாட் சந்தையில் விற்று 30,000 டாலருக்கு மேல் திரட்டினார். வாஸர் மகளிர் கல்லூரியின் பெயரிலிருந்து பெண்பாலைக் குறிக்கும் சொல்லை நீக்குமாறு வற்புறுத்தி வெற்றி பெற்றார். அச்சொல் விலங்குகட்கும் பொதுவாதலின் கல்வி கற்கும் மகளிர்க்குப் பொருந்தாதென்பது அவர் வாதம். சொல்லாராய்ச்சியிற் பழகிய எமக்கு இவ்வாதம் உவப்பானதே. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுவதில்லை என்று அவர் இறுதிவரை கூறிவந்ததும், விடுதலை பெற்ற கறுப்பு மக்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்புதலே நன்றென்று எழுதியதும் எமக்கு உடன்பாடல்ல. தாம் பிறர்பால் பெற்றுத்தந்த கல்வி எத்தகைய உரிமைகளில் சென்று முடியும் என்பதை அவர் காணவில்லை.

1877 டிசம்பரில், 89 வயதில், ஆசிரியப் பொறுப்பினின்று விலகினார். அதே ஆண்டில் எடிசன் தாம் புதிதாகக் கண்ட பேசும் பொறியிலே முதன்முதற் பதித்தது மேரியின் ஆட்டுக்குட்டிப் பாட்டு. 1879 ஏப்ரல் 30-இல் அம்மையார் பிலடெல்பியாவில் மறைந்தார். லாரல் ஹில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பெற்றார்.

லிங்கனுக்குப் பின் ஜனாதிபதிகள் ஆண்டுதோறும் நாளை அறிவித்து வந்தனர். 1939-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், கிறிஸ்துமஸ் வாணிகம் ஒரு வாரம் நீளட்டும் என்னும் வணிகரின் வேண்டுகோட்கிணங்கித் திருநாளை ஒரு வாரம் முன்தள்ளினார். சில ராஜ்யங்கள் அவர் சொன்ன நாளிலும், சில பழைய நாளிலும் கொண்டாடின; டெக்சாஸ் போன்றவை இரு நாளும் கொண்டாடின. மீண்டும் அடுப்புக்கள் வெவ்வேறு நாளில் எரிந்தன. 1941-இல் காங்கிரஸ் சட்டமியற்றி நவம்பர் நான்காம் வியாழன் என உறுதிசெய்தது. அப்போது அம்மையார் மறைந்து 62 ஆண்டுகள் ஆகியிருந்தன.