பாட்ரிக் ரசல்

பாட்ரிக் ரசல் (1727 - ஜூலை 2, 1805) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவரும் இயற்கையியலாளரும் ஆவார். இந்தியப் பாம்புகளை முறையாக ஆராய்ந்த முன்னோடியாதலால் இந்தியப் பாம்பியலின் தந்தை எனக் குறிப்பிடப்படுகிறார். கண்ணாடி விரியனின் அறிவியற் பெயரான டபோயா ரசலியை இவரது நினைவாக இடப்பட்டதாகும்.

வாழ்க்கைச் சுருக்கம்

ரசல் எடின்பரோவில் பிறந்து அங்கேயே மருத்துவம் பயின்றார். 1750 இல் சிரியாவின் அலெப்போ நகருக்குச் சென்று தமையனார் அலெக்சாண்டர் ரசலுடன் பணியாற்றினார். 1753 இல் அவருக்குப் பின் அங்கிருந்த ஆங்கில வணிகர்களின் மருத்துவரானார். 1760களின் தொடக்கத்தில் அந்நகரைத் தாக்கிய கொள்ளைநோயின்போது மருத்துவம் செய்தார். 1781 இல் தம்பி கிளாடுடன் இந்தியாவுக்குப் புறப்பட்டு விசாகப்பட்டினத்தில் தங்கினார். 1785 இல் இயற்கையியலாளர் யோகான் கோனிக் இறந்ததும், கிழக்கிந்தியக் கம்பனி அவரது பதவியை ரசலுக்கு அளித்தது. 1789 இல் இங்கிலாந்து திரும்பினார்.

பாம்பு ஆய்வுகள்

பாம்புக்கடியால் பலர் இறப்பதைக் கண்ட ரசல், நச்சுப் பாம்பையும் நஞ்சற்ற பாம்பையும் எவரும் பிரித்தறிய வழிகாண முயன்றார். பாம்புகளைச் சேகரித்து, அவற்றின் பற்களையும் செதில்களையும் ஒப்பிட்டு, தெலுங்குப் பெயர்களுடன் பதிவு செய்தார். கோழிகளையும் நாய்களையும் பாம்புகளைக் கொண்டு கடிக்கச் செய்து, தோன்றும் அறிகுறிகளைக் குறித்தார்.

அக்காலத்தில் பாம்புக்கடிக்குப் புகழ்பெற்றிருந்த, பாடாணம் கலந்த தஞ்சாவூர் மாத்திரையையும் சோதித்து, அது பயனற்றது எனக் கண்டார். நஞ்சற்ற பாம்பு கடித்தவரும், கடியில் நஞ்சு இறங்காதவரும் தாமாகவே பிழைத்துக்கொள்வர். அத்தகையோரால் இவ்வகை மருந்துகள் பெயர் பெறுவதுண்டு. உண்மையான நச்சுமுறிவு மருந்து, ரசல் இறந்து ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பின்னரே உருவானது.

சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிய இவரது நூல் வண்ணப் படங்களுடன் 1796 இல் வெளியானது. இதன் தொடர்ச்சியின் சில பகுதிகள் இவரது மறைவுக்குப் பின் வெளிவந்தன.

இன்றைய முக்கியத்துவம்

ஓசூர், கிருட்டிணகிரி உள்ளிட்ட பகுதிகளின் வயல்வெளிகளில் எலிகளைத் தின்று வாழும் கண்ணாடி விரியன், இந்தியாவில் மிகுதியான உயிரிழப்பை ஏற்படுத்தும் நான்கு பாம்புகளுள் ஒன்றாகும். தடித்த உடலும் புள்ளிகளும் கொண்டிருப்பதால் இதை மண்ணுளிப் பாம்பு என்றோ மலைப்பாம்புக் குட்டி என்றோ தவறாகக் கருதிக் கையால் எடுப்போர் கடிபடுகின்றனர். முக்கோணத் தலை, முதுகில் சங்கிலி போன்ற மூன்று வரிசைப் புள்ளிகள், உரத்த சீற்றம் ஆகியன இதன் அடையாளங்கள். எனினும், இனம் தெரியாத பாம்பைத் தொடாதிருப்பதே பாதுகாப்பானது. 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இப்பாம்பைப் பிடித்து வளர்ப்பது குற்றமாகும். கடிபட்டவரை அசைவின்றி வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.